சுவர்களுக்கு வாசித்த பேராசிரியர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பலர் வகுப்பெடுக்காமலே காலந்தள்ளியதைச் சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர், ஆசிரியரின் இருக்கை காலியாவதற்கு முன்பே மாணவரின் பலகைகள் காலியாகிவிட்டதைக் கவனிப்பதில்லை. கேம்பிரிட்ஜில் 1669இல் லூக்காசியன் கணிதப் பேராசிரியரான ஐசக் நியூட்டன், கேட்க ஆளில்லாத நாட்களில் சுவர்களுக்கு வாசிப்பதுபோல் வாசித்துவந்தார் என்று அவருடைய எழுத்தர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். விதியை நிறைவேற்றுவதற்காக வெற்றறையில் ஆற்றப்பட்ட இத்தகைய உரைக்கு ஆக்ஸ்போர்டில் ‘சுவர் விரிவுரை’ என்றே பெயர் வழங்கியது. கற்பித்தல் கல்லூரிக்குள் இருந்த தனிப்பயிற்றாசிரியரின் கைக்கு மாறியிருந்ததாலும், ஆக்ஸ்போர்டின் பட்டத்தேர்வு மனப்பாட வினாவிடைச் சடங்காகச் சுருங்கியிருந்ததாலும், பேராசிரியரைக் கேட்காமலே மாணவன் பட்டம் பெற முடிந்தது.

ஆளில்லாத வகுப்பை நடத்தாவிட்டாலும் ஊதியம் நிற்கவில்லை. பேராசிரியர் பதவிகள் பெரும்பாலும் கட்டளைகளால், அதாவது கோயில் கட்டளையைப் போல ஒரு பணிக்கென நிலையாக எழுதிவைக்கப்பட்ட சொத்தின் வருவாயால், அல்லது அரசு மானியத்தால் நடந்தன. நியூட்டன் 1696இல் லண்டன் நாணயச்சாலைக்குப் போன பிறகும் 1701வரை பேராசிரியராகவே நீடித்தார். 1768இல் நவீன வரலாற்றுப் பேராசிரியரான கவிஞர் தாமஸ் கிரே 1771இல் இறக்கும்வரை ஓர் உரைகூட ஆற்றவில்லை.

சோம்பல் வாதத்துக்குக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரிச்சர்ட் வாட்சனின் வாழ்க்கையே போதுமான மறுப்பு. வேதியியலில் ஒரு வரியும் படித்தறியாத நிலையில் 1764இல், அன்று ஊதியமே இல்லாதிருந்த அத்துறைப் பேராசிரியரான அவர், முயன்று கற்று அவை நிறைந்த உரைகளை ஆற்றினார்; வருவாய் மிகுந்த இறையியல் இருக்கை 1771இல் கிடைத்தபின், நாளடைவில் அப்பணியைப் பதிலாளிடம் விட்டுவிட்டு விண்டர்மியர் ஏரிக்கரையில் குடியேறி, 1816இல் இறக்கும்வரை பதவியை விடவில்லை.

ஆக்ஸ்போர்டில் 1740 முதல் 1746வரை படித்த பொருளியலறிஞர் ஆடம் ஸ்மித், 1776இல் வெளியிட்ட நூலில், ஆசிரியரின் வருவாய் மாணவரைச் சார்ந்திராததே இக்கேட்டின் வேர் என்றார். மாணவரின் பங்கை அவர் குறைத்தே மதிப்பிட்டார் என்றாலும், சொன்னபடி நடந்தவர். மாணவர் கட்டணமே ஊதியத்தின் பெரும்பகுதியாக இருந்த கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியிலிருந்து 1764இல் பாடம் முடியுமுன் விலகியபோது, அவரவர் கட்டணத்தைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிவந்து, வாங்க மறுத்த மாணவனின் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டுப் போனார்.