கல்லேறாத தோல்வார்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் எலவனாசூர்கோட்டை. கல்வெட்டுகள் இதனை இறையானரையூர் என்று குறிக்கின்றன. கோயிற் சுவர் சொல்வதைக் கொண்டே ஊர் வரலாறு எழுதப் பழகிய நாம், கல்லில் ஏறாத பொருள்களைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகிறோம். நாவிதர் கத்தி தீட்டிய தோல்வார் அவற்றுள் ஒன்று.

நாவிதர் கல்லேறியதுண்டு. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த பங்குப் பட்டியலில், தளிச்சேரிப் பெண்டுகளை அடுத்து வரும் பணியாளர் வரிசையில் நாவிதரும் இடம்பெறுகின்றனர். அவர்தம் கருவிகளை மட்டும் கல் பேசவில்லை.

சவரக்கத்தியின் கூர்மை சாணைக்கல்லின் கொடை என்றே பலரும் எண்ணுவர். கல் செய்வது பாதி வேலைதான். தீட்டியபின் கத்தியின் வாயில் நுண்ணிய பிசிறுகள் நிற்கும். சவரம் செய்யச் செய்ய வாய் வளையும், சிதையும். இரும்பைவிடப் பன்மடங்கு மென்மையான மயிரும் எஃகின் வாயைச் சிதைக்க வல்லது என்பதை 2020இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் வழி காட்டினர். அவ்வாயை நேர்செய்வது தோல். கத்தியின் முதுகு முன்செல்ல, வாய் பின்தொடர வேண்டும். திருப்பும்போது முதுகின்மேலேயே திருப்ப வேண்டும். வார் தொய்ந்தால் கூர் மழுங்கும்.

எல்லாத் தோலும் இதற்கு ஆகாது. மரப்பட்டையில் பதனிட்ட தோலே இறுக்கமும் பிடிப்பும் உடையது. தமிழகத்தில் அப்பட்டை ஆவாரம்பட்டை. சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய தோலைப் பட்டைச்சாற்றில் பல நாள் ஊறவைப்பர். ஆவாரையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவக்கும். அதைத் தடுக்கக் கடுக்காய்ச் சாற்றில் தோய்ப்பர். எலவனாசூருக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையின் மக்கள் சேகரித்து இறக்கும் காட்டுப்பொருள்களுள் கடுக்காய் முதன்மையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து இலண்டனுக்குக் கப்பலேறிய தோலும் இம்முறையில் பதனிட்டதே.

வாரைப் பேணுவதும் ஒரு கலை. எண்ணெய்ப்பசை வற்றினால் தோல் வெடிக்கும். மிகுந்தால் கத்தி வழுக்கும், தோல் தளர்ந்துவிடும். ஆகவே சில துளி எண்ணெயை விரலால் தேய்த்து ஊறவிடுவர். அன்றாடம் உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பதே போதும். கையின் வெம்மையும் பசையும் தோலுக்கு உணவு. தூசு ஒரு மணல் அளவு தங்கினும் கத்தி பழுதாகும்.

இவ்வாரில் மூவர் உழைப்பு சேர்ந்திருக்கிறது: கடுக்காய் பொறுக்கிய மலைவாழ் மக்கள், தோல் பதனிட்டோர், நாவிதர். மூவரும் இல்லாமல் ஊருக்கு நடவாது. எனினும் மலையவரை ஊர் தொலைவிலே வைத்தது, தோலைத் தொட்டவரைத் தீண்டத்தகாதவர் என்றது, முகத்தைத் தொட்டு மழித்தவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியது. கழுத்தில் கத்தி வைக்க நம்பியவரை வீட்டுக்குள் விட நம்பவில்லை.

1903இல் அமெரிக்காவில் சில்லெட் நிறுவனம் விற்கத் தொடங்கிய மாற்று பிளேடு வாரின் தேவையைக் குறைத்தது. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபின், ஆளுக்கொரு புது பிளேடு என்னும் வழக்கம் சலூன்களில் பரவியது. பலர் முகம் தொட்ட கத்தியையும், கொதிநீரில் இட முடியாத தோலையும் கைவிட்டது நலமே. அதற்கு நாம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் வாரோடு அதனை ஆக்கிய கைகளின் அறிவும் பதிவின்றிப் போகிறது. இறையானரையூரின் கற்களைப் படிக்கும் நாம், ஊரில் முதிய நாவிதர் எவரேனும் இருப்பின், அவரிடமும் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்வது வரலாற்றுக்குச் செய்யும் கடன்.