செரேன் ஆற்றங்கரையின் உறைபனி

பிரான்சின் ஷப்லி என்ற சிற்றூர் வழியாகச் செரேன் ஆறு ஓடுகிறது. பிரெஞ்சில் 'செரேன்' என்றால் அமைதி. ஆனால் அங்குள்ள திராட்சைக் குடியானவர்கள் அஞ்சுவது, காற்றும் மேகமும் இல்லாத அமைதியான ஏப்ரல் இரவுகளுக்குத்தான். குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி இளந்துளிரைக் கருக்கிவிடும்.

சிப்பி ஓடுகள் புதைந்த சுண்ணாம்புச் சரிவுகளில் விளைந்த ஒயினுக்கு நல்ல பெயர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலாக்ஸெரா பூச்சி வேர்களை அழித்தது. ரயிலில் வந்த தெற்கத்தி மலிவு ஒயின் சந்தையைப் பறித்தது. மிஞ்சியதை உறைபனி வாட்ட, 1950களில் சுமார் 500 ஹெக்டேரே எஞ்சியது.

பிறகு கொடிகளிடையே எண்ணெய் அடுப்பு வைத்தார்கள், தண்ணீரும் தெளித்தார்கள். அது உறையும்போது வெளிவிடும் வெப்பம் துளிரைக் காக்கும். இன்று 5,000 ஹெக்டேருக்கு மேல் பயிராகிறது. ஆனாலும் 2021 ஏப்ரலில் மறுபடி கருகியது. குளிர்காலம் இதமானால் துளிர் முந்திக்கொள்கிறது. ஏப்ரல் பனியோ இன்னும் விட்டபாடில்லை.