வெள்ளைப் பாஷாணமும் நீதிமன்றமும்: ஒரு சோதனையின் வரலாறு

வெள்ளைப் பாஷாணம் எனும் ஆர்செனிக் நஞ்சுக்கு மணமில்லை. உணவில் கலந்தால் நாக்குக்கும் பிடிபடாது. ஒரு காலத்தில் எலி மருந்து என்று கேட்டால் கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். உண்டவர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மாண்டால், நோயில் செத்தார் என்றே ஊர் நம்பும். ஐரோப்பாவில் நெடுங்காலம் ஆர்செனிக் கொலைகாரர்கள் தப்பியது இப்படித்தான். வேதியியல் வந்து அவர்களைப் பிடித்துக் கொடுத்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. வழக்குகளை வரிசையாகப் படித்தால் அது பாதி உண்மையே.

1752இல் தந்தைக்கு நஞ்சூட்டியதாக மேரி பிளாண்டி ஆக்ஸ்ஃபோர்டில் விசாரிக்கப்பட்டார். மருத்துவர் ஆன்டனி அடிங்டன், கஞ்சியில் மிஞ்சிய வெண்பொடியைப் பழுக்கக் காய்ந்த இரும்பில் தூவினார். வெண்புகையும் பூண்டு நாற்றமும் எழுந்தன. கடையில் வாங்கிய பாஷாணமும் அப்படியே நடந்துகொண்டது. மேரி தூக்கிலிடப்பட்டார். ஆனால் சோதிக்கப்பட்டது பாத்திரத்தில் கிடந்த பொடி. இறந்தவரின் உடலில் நஞ்சைக் காட்ட அன்று வழி இல்லை.

1830களின் தொடக்கத்தில் ஜான் போடில் என்ற இளைஞர், காப்பியில் ஆர்செனிக் கலந்து தாத்தாவைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். வூல்விச் படைக்கலச் சாலையின் வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ், காப்பியிலிருந்து மஞ்சள் வீழ்படிவைப் பிரித்தெடுத்தார். வழக்கு மன்றத்துக்கு வருவதற்குள் அது கெட்டுப்போயிற்று. ஜூரர்கள் போடிலை விடுவித்தார்கள். பின்னாளில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சினங்கொண்ட மார்ஷ் 1836இல் புதிய முறையை வெளியிட்டார். துத்தநாகமும் கந்தக அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜன் கிளம்பும். மாதிரியில் ஆர்செனிக் இருந்தால் அது வாயுவாகி உடன் வரும். அதைக் கொளுத்தி, சுடரின்மேல் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால் பளபளக்கும் கரும்படலம் படியும். ஜூரர் கண்ணாலேயே பார்க்கலாம்.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. துத்தநாகத்திலும் அமிலத்திலுமே ஆர்செனிக் கலப்பு இருப்பதுண்டு. கல்லறை மண்ணிலும் உண்டு. 1840இல் பிரான்சின் டூல் நகரில் மரி லஃபார்ஜ் மீது கணவனைக் கொன்ற வழக்கு நடந்தது. உள்ளூர் வேதியியலாளர்கள் முதலில் பழைய முறையில் ஆர்செனிக் உண்டு என்றார்கள். மார்ஷ் முறையில் செய்துபார்த்து உடலில் இல்லை என்றார்கள். பாரிசிலிருந்து வந்த நச்சியல் அறிஞர் ஓர்ஃபிலா, உடலில் ஆர்செனிக் இருக்கிறது, அது வினைப்பொருளிலிருந்தோ மண்ணிலிருந்தோ வந்ததல்ல என்று அடித்துச் சொன்னார். வாழ்நாள் கடுங்காவல் தீர்ப்பாயிற்று. எதிர்த்துச் சாட்சி சொல்ல வந்த வேதியியலாளர் ரஸ்பாய், தீர்ப்புக்குப் பிறகே வந்து சேர்ந்தார். ஆர்செனிக்கை நீதிபதியின் நாற்காலியிலிருந்துகூட எடுத்துக் காட்டலாம் என்பது அவர் கட்சி. கேலிபோலத் தோன்றினாலும் அன்றைய ஆய்வகத்தின் உண்மையான பலவீனத்தை அது தொட்டது.

1851இல் பிரிட்டன் ஆர்செனிக் விற்பனைக்குப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. சில்லறையாக விற்கும் பாஷாணத்தில் புகைக்கரியோ அவுரி நீலமோ கலந்து நிறமேற்றவும் ஆணையிட்டது. என் கணிப்பில், கொலைகாரனின் கையைக் கட்டியதில் எந்தக் குடுவைக்கும் இந்தச் சட்டம் குறைந்ததல்ல.

ரஸ்பாயின் அச்சம் 1859இல் லண்டனில் மெய்யானது. மருத்துவர் ஸ்மெதர்ஸ்ட் மீது நஞ்சூட்டிக் கொன்றதாக நடந்த வழக்கில், அரசுத் தரப்பு நிபுணர் ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர் தாம் கண்ட ஆர்செனிக் தம் சோதனைக்குப் பயன்பட்ட செப்பு வலையிலிருந்தே வந்தது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அப்படியும் ஜூரர்கள் குற்றவாளி என்றார்கள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பவே ஸ்மெதர்ஸ்டுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. பிறகு இருதார மணத்துக்காக ஓராண்டு சிறையில் இருந்தார்.