நிற்கும் வளையம், நிற்காத வளையம்

நிக்கான் 24 மி.மீ. எஃப் 2.8 ஏஐ-எஸ் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் ஓரிடத்தில் முட்டி நிற்கும். அதுதான் முடிவிலிக் குறி. கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாலும் அதே இடம்தான். அதே நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த இசட் 24 மி.மீ. எஃப் 1.8 எஸ் லென்ஸின் வளையமோ முட்டுவதே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கலாம். உள்ளே இருக்கும் கண்ணாடியோடு அதற்கு நேரடித் தொடர்பு கிடையாது. மோட்டாருக்குச் சேதி சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. இரண்டையும் ஒரே இசட் 6 கேமராவில் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். கண்ணாடியைவிட இந்த வளையம்தான் பெரிய வித்தியாசம் என்று எனக்குப் பட்டது.

முதலில் கண்ணாடியைப் பேசி முடித்துவிடலாம். பழைய லென்ஸின் மூதாதை 1967-இல் வந்தது. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளிருக்கும் கண்ணாடிக் குழுக்கள் வெவ்வேறு அளவில் நகர்ந்து ஓரங்களைத் திருத்தும் ஏற்பாடு நிக்கானில் முதன்முதலாக வந்தது அதில்தான். ஏஐ-எஸ் வடிவம் 1980-களின் தொடக்கத்தது: 9 கண்ணாடிகள், 250 கிராம், 52 மி.மீ. ஃபில்டர். புதியதில் 12 கண்ணாடிகள், அவற்றில் நான்கு ஆஸ்ஃபெரிக்கல். எடை 450 கிராம், ஃபில்டர் 72 மி.மீ.

படத்தில் யார் ஜெயிப்பது என்பதில் சந்தேகமே இல்லை. பழையதை எஃப் 2.8-இல் திறந்துவைத்தால் நடுப்பகுதி நன்றாக இருக்கும், மூலைகள் குழைந்துவிடும். எஃப் 8-க்கு வந்தால்தான் மூலையில் இருக்கும் கடைப் பலகையின் எழுத்தைப் படிக்க முடிகிறது. புதியது எஃப் 1.8-லேயே அதைப் படித்துவிடும். சூரியன் சட்டத்துக்குள் வந்தால் பழையதில் ஒளிப்பொட்டுகள் வரிசை கட்டும். இந்தக் குழைவையும் பொட்டுகளையும் ‘ஃபிலிம் அழகு’ என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவை குறைகள்தான். வடிவமைத்தவர்கள் அவற்றைக் குறைக்கத்தான் பாடுபட்டார்கள்.

ஆனாலும் இவ்வளவு பழைய வைட் ஆங்கிள் டிஜிட்டலில் இந்த அளவுக்கு ஈடுகொடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி (மிரர்) ஏறி இறங்க இடம் வேண்டும். நிக்கானின் எஃப் மவுண்டில் அந்த இடைவெளி 46.5 மி.மீ. 24 மி.மீ. லென்ஸை அவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டியிருந்ததால், லென்ஸின் பின்முனையிலிருந்து தள்ளி ஒளியைக் குவிக்கும் ரெட்ரோஃபோகஸ் அமைப்புக்குப் போனார்கள். 1959-இல் வந்த நிக்கானின் 2.1 செ.மீ. எஃப் 4 லென்ஸ் அப்படியல்ல. அதன் பின்பகுதி கேமராவுக்குள் நுழைந்து ஃபிலிமை நெருங்கி நிற்கும், மிரரைத் தூக்கிப் பூட்டினால்தான் மாட்டவே முடியும். அந்த மாதிரி லென்ஸ்களிலிருந்து ஒளி ஓரங்களில் மிகவும் சாய்வாக விழுகிறது. ஃபிலிம் அதைப் பொறுத்துக்கொண்டது. சென்சாரும் அதன்மேல் இருக்கும் கண்ணாடித் தகடும் பொறுத்துக்கொள்வதில்லை, ஓரங்களில் நிறம் மாறிப்போகும். கேமராவின் மிரருக்கு வழிவிட்டுத் தள்ளி நின்ற லென்ஸ், தனக்குத் தெரியாமலே டிஜிட்டலுக்கும் தயாராகிவிட்டது!

இனி வளையம். பழைய லென்ஸின் உடலில் தூரம் எழுதியிருக்கிறது. அபர்ச்சர் எண்ணின் நிறத்திலேயே ஆழத்தைக் காட்டும் கோடுகளும் உண்டு. எஃப் 8 வைத்து வளையத்தை 2.4 மீட்டரில் நிறுத்தினால், ஃபிலிம் காலக் கணக்குப்படி 1.2 மீட்டரிலிருந்து முடிவிலிவரை தெளிவு. அப்புறம் ஃபோகஸை மறந்துவிடலாம். சந்தைத் தெருவில் எதிரே சைக்கிள் திரும்புகிற நொடியில், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகாமலே எடுக்கலாம். புதியதில் தூர அளவுகோலே இல்லை. அது முகத்தைத் தேடும், கண்ணைத் தேடும், பெரும்பாலும் சரியாகவே பிடிக்கும். ஆனால் நீங்கள் கேட்டது சைக்கிளை, அது பிடித்தது பின்னால் நின்ற பூக்காரம்மாவை என்றும் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கோடுகள் சின்னப் பிரிண்டுக்காகப் போட்டவை. படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்கிறவர் எஃப் 8-இல் எடுத்தாலும் எஃப் 4-க்கான ஆழம்தான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. விளிம்புகளில் நிறம் பூசிக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கையும் நம்ப வேண்டாம். வைட் ஆங்கிளில் பாதிப் படம் மினுமினுக்கும். வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்ப்பது ஒன்றே வழி.

பழையது கையடக்கம் என்பதும் பாதி உண்மைதான். இசட் மவுண்டின் இடைவெளி 16 மி.மீ. மட்டுமே, மீதி 30.5 மி.மீ.யை அடாப்டர் நிரப்ப வேண்டும். நிக்கானின் எஃப்டிஇசட் 2 அடாப்டர் 125 கிராம். கூட்டிப் பாருங்கள், புதிய லென்ஸைவிட 75 கிராம்தான் குறைகிறது. எந்த அபர்ச்சரில் எடுத்தோம் என்பது கோப்பில் பதிவாகாது. ஆட்டம் தடுக்கும் வசதி சரியாக வேலைசெய்ய 24 என்ற எண்ணை நாமே கேமராவில் கொடுக்க வேண்டும்.

அடாப்டரில்தான் உண்மையான வம்பு. 24 மி.மீ. லென்ஸ் முடிவிலியிலிருந்து 1 மீட்டருக்கு வர, முன்னால் நகர வேண்டியது வெறும் 0.6 மி.மீ. மலிவு அடாப்டர் ஒன்று 0.1 மி.மீ. குறைவாக இருந்தாலே போதும், 5.8 மீட்டர் இருக்க வேண்டிய இடத்துக்கு முடிவிலி வந்துவிடும். முட்டும் இடம் முடிவிலியைத் தாண்டிப் போயிருக்கும், தூர எண்கள் எல்லாம் பொய். அந்த லென்ஸை வாங்கியதற்கு இருந்த ஒரே நல்ல காரணமும் போயிற்று. நான் முதலில் வாங்கிய அடாப்டர் அப்படிப்பட்டதுதான். இரண்டு வாரம் லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கட்டடமோ, இரவு வானமோ, கூலி வாங்கிக்கொண்டு எடுக்கும் கல்யாணமோ என்றால் புதியதை எடுங்கள். வீட்டு அலமாரியில் அப்பாவின் 24 இருந்தால், தெருவுக்கு அதைக் கொண்டுபோங்கள். புதிதாகத் தேடி வாங்குவதாக இருந்தால், பின்பக்கம் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள், சென்னை ஈரத்தில் கிடந்த லென்ஸாக இருந்தால் கட்டாயம். பிறகு அடாப்டரில் மாட்டி, வளையத்தை முட்டும்வரை திருப்பி, தூரத்து செல்ஃபோன் கோபுரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பிகள் தெளியவில்லை என்றால் அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.