கொள்ளைநோயும் கொழும்புப் பங்குச் சந்தையும்

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்பது முதுமொழி. பெருமுதல் படைத்த கம்பனி எத்துன்பத்தையும் தாங்கி நிற்கும் என்னும் வணிக நம்பிக்கையும் அத்தகையதே. இந்நம்பிக்கை 2020ஆம் ஆண்டிலே கொழும்பு மாநகரில் சோதனைக்குள்ளாயிற்று.

கொழும்பிற் பங்கு வாணிகம் 1896இல், தோட்டக் கம்பனிகளின் பங்குகளைக் கொண்டு ஆரம்பமாயிற்று. இன்று அதன் போக்கை அளக்க இரு அளவுகோல்கள் உள. ஒன்று, பட்டியலிலுள்ள கம்பனிகள் யாவற்றையும் தழுவும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண். மற்றையது, பெரியனவும் எளிதிற் கைமாறுவனவுமான இருபது கம்பனிகளுக்குரிய எஸ் அன்ட் பி ஸ்ரீ லங்கா 20.

2020 மார்ச் 20ஆம் நாள் ஊரடங்கு பிறந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைக் கதவுகள் அடைபட்டன. பங்குச் சந்தையும் ஏழு வாரங்களுக்கு மேலாக மூடிக்கிடந்தது. மே 11இல் அது திறந்த சிறிது நேரத்திலேயே, இருபது கம்பனிச் சுட்டெண் பத்து வீதத்துக்கு மேற் சரிய, விதிப்படி அன்றைய வாணிகம் நிறுத்தப்பட்டது.

ஆயினும் ஆண்டு முடிவில் விந்தையொன்று புலப்பட்டது. அனைத்துப் பங்குச் சுட்டெண் ஏறக்குறைய 10 வீதம் உயர்ந்திருக்க, பெருங்கம்பனிச் சுட்டெண் அதேயளவு தாழ்ந்திருந்தது. யானை இளைக்க, ஏனையவை கொழுத்தன.

காரணம் யாது? அந்நிய முதலீட்டாளர் பெரும்பாலும் பெருங்கம்பனிப் பங்குகளையே வைத்திருப்பர். அச்சம் சூழ்ந்த வேளையில் எளிதில் விற்கத்தக்கனவும் அவையே. உல்லாசப் பயணத்துறை முடங்கியமை, ஹோட்டல்களை நடத்திய பெருநிறுவனங்களை மேலும் வாட்டியது. மறுபுறம், மத்திய வங்கி வட்டியைக் குறைக்கவே, வைப்புப் பணத்தின் வருவாய் சுருங்கிய உள்நாட்டார் பலர் பங்குகளை நாடினர். அவர்தம் பணம் சிறிய, நடுத்தரக் கம்பனிகளிலும் பாய்ந்தது.

2021இல் அனைத்துப் பங்குச் சுட்டெண் 80 வீதமளவும், மற்றையது 60 வீதமளவும் ஏறின. கப்பற் சரக்குக் கட்டணம் உயர்ந்தமையால், சரக்கனுப்பும் எக்ஸ்போலங்காவின் பங்கு பன்மடங்காகி, அதுவே சந்தையின் யானைகளுள் ஒன்றாயிற்று. கொள்ளைநோயில் உயர்வும் தாழ்வும் பருமனால் மட்டுமன்றி, செய்யும் தொழிலாலும் அமைந்தன என்பதற்கு இது சான்று.

ஆனால், 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடி மூண்டபோது இரு சுட்டெண்களும் வீழ்ந்தன. முன்னையது 30 வீதத்துக்கு மேலும், பின்னையது 37 வீதத்துக்கு மேலும் இழந்தன. ஏற்றத்தின் உச்சியில் வாங்கிய சிறு சேமிப்பாளர் பெரிதும் நலிந்தனர். கம்பனியின் பருமனை நோக்குவோர், அதன் பங்குகளை வைத்திருப்பவர் யார், அதன் தொழில் எது, வாங்கும் விலை யாது என்பனவற்றையும் நோக்குதல் வேண்டும் என்பதே அம்மூவாண்டுகள் புகட்டிய பாடமாகும்.