லயத்து வீட்டுத் தரை



முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஒரு வீட்டை வரையச் சொன்னால், எல்லாரும் கூரையில்தான் தொடங்குவார்கள். பிறகு சுவர், கதவு, சன்னல். தாளில் இடம் மீதி இருந்தால் ஒரு தென்னை மரம். தரையை வரைந்த பிள்ளையை இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் நாங்கள் கண்டதில்லை. தோட்ட மக்களைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளும் ஏறத்தாழ அப்படித்தான். கங்காணி முறை வரும், ரப்பர் விலை வரும், சங்கம் வரும். காலுக்குக் கீழே என்ன இருந்தது என்ற பேச்சு வராது. இன்று நாம் அதைத்தான் பேசப் போகிறோம்.

நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது, தரை போடும் கலையைக் கையோடு கொண்டு வந்தார்கள். மண்ணைக் கொட்டி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவார்கள். மேலே களிமண் பூச்சு. பிறகு சாணம் கரைத்து மெழுகுவார்கள். மெழுகுவது பெண்களின் வேலை. விரல்களை விரித்து, அரை வட்டமாக இழுத்து இழுத்து மெழுகிய தரையில் அந்த விரல் வரிகளே கோலம் போலத் தெரியும். புழுதி அடங்க வாரம் ஒரு முறையாவது மெழுகியாக வேண்டும்.

இங்கே வந்தபோது பல தோட்டங்களில் அந்தக் கலைக்கு வேலை இல்லாமல் போயிற்று. கம்பங்களின்மேல் தூக்கிக் கட்டிய நீண்ட பலகை லயங்கள்தாம் கிடைத்தன. ஓர் அறை ஏறத்தாழ 10 அடிக்கு 10 அடி. சில லயங்களில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. பலகைத் தரையை மெழுக முடியாது, கழுவினால் இடுக்கு வழியாகத் தண்ணீர் கீழே ஒழுகும். கீழேதான் அடுப்பு, ஆடு, கோழி, மழைக்காலத்தில் பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம். மேலே வீடு, கீழே சேறு.

அந்தச் சேறு சாதாரணச் சேறன்று. 1890களின் இறுதியில், எகிப்தின் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கொக்கிப்புழுவை ஆராய்ந்து கொண்டிருந்தார். புழுக்குஞ்சுகள் இருந்த நீர் ஒரு துளி அவர் கையில் தவறி விழுந்தது. தோல் எரிந்தது, அரித்தது. சில வாரங்களுக்குப் பின் தம்முடைய மலத்தையே சோதித்துப் பார்த்தார். அதில் கொக்கிப்புழுவின் முட்டைகள்! வாய் வழியாக மட்டுமே உடலுக்குள் புகும் என்று நினைத்திருந்த புழு, தோலைத் துளைத்துக்கொண்டும் வரும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. ஈரமான, நிழலான மண் அதற்கு வீடு. வெறுங்கால் அதற்கு வாசல். மலாயாத் தோட்டங்களில் கழிப்பிட வசதி எப்படி இருந்தது என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குடலில் தங்கிய புழு இரத்தத்தை உறிஞ்சியது. வெளுத்த உதட்டோடு வேலைக்குப் போனவனை மேலே இருந்தவர்கள் சோம்பேறி என்றார்கள். இரத்தம் இல்லாதவனுக்கு எங்கிருந்து சுறுசுறுப்பு வரும்?

இந்தப் புழு உலர்ந்த சிமெண்டுத் தரையில் பிழைக்க முடியாது. கழிப்பிடமும் காலணியும் இல்லாமல் தரை மட்டும் நோயை நிறுத்தாது, உண்மைதான். ஆனால் தவழும் குழந்தைக்குக் காலணி போட முடியாதல்லவா? அதற்குத் தரைதான் காவல்.

நாம் இன்று பயன்படுத்தும் போர்ட்லண்டு சிமெண்டுக்கு 1824ஆம் ஆண்டு உரிமம் பெற்றவர் ஜோசப் ஆஸ்ப்டின். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செங்கல் அடுக்கிப் பிழைத்த கொத்தனார் அவர். மலாயாவில் ரவாங்கில் சிமெண்டு ஆலை 1953ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. தரையோடு தரையாகக் கட்டிய, சிமெண்டு பூசிய தோட்ட வீடுகள் மெல்ல மெல்லப் பெருகின. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்த சட்டம் 1966ஆம் ஆண்டு வந்தது. அதன் இடத்தில் 1990ஆம் ஆண்டு வேறொரு சட்டம் வந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் தோட்டங்களுக்கு வெளியே உள்ள தொழிலாளர்களுக்கும் விரித்தது. சட்டம் வந்த அன்றே சிமெண்டு வந்துவிடவில்லை என்பதை நேயர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அது வந்த கதையைக் கேளுங்கள். 1980களின் இறுதி. முன்னறைக்கும் அஞ்சடிக்கும் சிமெண்டு இருந்தது. பின்பக்கம் தந்தையார் தாமே பலகை அடித்து இழுத்த சமையற்கட்டுக்கு மண் தரைதான். மழை பெய்தால் அடுப்படி நசநசவென்று இருக்கும். ஒரு தீபாவளிக்கு முன்பு அவர் சிமெண்டு மூட்டைகளைச் சைக்கிளில் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வந்தார். மணல் ஆற்றில் அள்ளியது. அளவுபடி பால் வாளி. வாளிக்கு வாளி கணக்குப் போட்டுக் கலந்தோம். தண்ணீரைத் தாராளமாக ஊற்றினோம், கலக்க எளிதாக இருக்கட்டும் என்று. நல்ல வெயில் அடித்தது. இரண்டே நாளில் காய்ந்துவிட்டது என்று மகிழ்ந்தோம்.

மூன்றாம் மாதம் தரை பொடி விட்டது. கூட்டக் கூட்ட மாவு வந்தது. மூலையிலிருந்து மூலைக்கு ஒரு வெடிப்பும் ஓடியது. போதாக்குறைக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் அரிசிப் பானைப் பக்கம் திரும்பி வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அரிசிப் பானையை மட்டும் ஒரு பலகைமேல் தூக்கி வைத்தார்.

காரணத்தைப் பக்கத்து லயத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார். அவர் கொத்தனாரிடம் கையாளாக இருந்தவர். “தம்பி, சிமெண்டு காய்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது” என்றார். பின்னாளில் பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் பாடத்தில் இதையே படித்தோம், அவர் சொன்ன அளவுக்குத் தெளிவாக அன்று. கலக்கும்போது தண்ணீர் மிகுந்தால், அது ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்ணிய துளையாக நின்று தரை வலுவிழக்கும். பூசிய பிறகு தண்ணீர் குறைந்தால், இறுக வேண்டியது பாதியில் நின்றுவிடும். நாங்கள் இரண்டு தவற்றையும் ஒரே தரையில் செய்திருந்தோம்.

மறு ஆண்டு பெயர்த்துவிட்டு மீண்டும் போட்டோம். முதலில் மண்ணை வெட்டிச் சரிசெய்து, உடைகல் பரப்பி இடித்தோம். அதன்மேல் ஒரு வாளி சிமெண்டு, இரண்டு வாளி மணல், நான்கு வாளி சிறுகல் கலந்த கான்கிரீட்டு. மேற்பூச்சுக்கு ஒரு வாளி சிமெண்டுக்கு மூன்று வாளி சலித்த மணல். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒழுகக் கூடாது. கண்ணாடி போன்ற குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் சுவரில் பிடித்து மட்டம் குறித்துக்கொண்டோம். அந்த மட்டத்திலிருந்து வடிகாலை நோக்கி ஓர் அடிக்குக் கால் அங்குலம் வீதம் இறக்கினோம். பத்தடிக்கு இரண்டரை அங்குலம், கணக்கு எளிது. பூசி முடித்த மறுநாள் முதல் ஈரச் சாக்கு விரித்து ஏழு நாள் தண்ணீர் தெளித்தோம். அந்த ஏழு நாளும் சமையல் அஞ்சடியில்.

அந்தத் தரையில் தண்ணீர் போக வேண்டிய பக்கம் போயிற்று. அம்மா அரிசிப் பானையை இறக்கி வைத்தார்.

சிமெண்டின் மேல் விரிக்கும் திக்கார் கெத்தாவையும் சொல்லாமல் விட முடியாது. தீபாவளிக்குத் தீபாவளி புதிது வாங்கி விரிப்போம். மலாய்மொழியில் ரப்பர்ப் பாய் என்று பொருள். ரப்பர் சீவியவர்கள் வாங்கி விரித்த அந்தப் பாயில் ரப்பர் இல்லை, பிளாஸ்டிக்குதான் என்பது ஒரு வேடிக்கை. அதற்கு முன்னோடி லினோலியம். பிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் சாயச் சட்டியில் ஆளிவிதை எண்ணெய் ஆடை கட்டி ரப்பர் போல இழுபடுவதைப் பார்த்து, அதிலிருந்து தரை விரிப்புச் செய்து 1860களில் விற்பனைக்குக் கொண்டு வந்தார். பாய் வாங்கினால் சுருளைப் பிரித்து ஒரு நாள் அப்படியே கிடத்திவிட்டுப் பிறகு வெட்டுங்கள். ஈரம் ஊறும் தரையில் சுவரோடு சுவராக ஒட்டிவிடாதீர்கள், அடியில் பூஞ்சை பிடிக்கும்.

சுவரில் அலமாரியோ சாமிப் படத் தட்டோ மாட்டுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. பலகைச் சுவரில் ஆணி அடித்தால் போதும். செங்கல் சுவரில் ஆணி நிற்காது, பெரிதாகத் துளையிட்டு மரக்கட்டையை அறைந்து அதில்தான் திருகாணி முடுக்குவார்கள். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜான் ராலிங்ஸ் என்பவர் இலண்டனில் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் சுவர் சேதமாகாமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தது. சணல் நாரை ஒட்டிச் சிறு குழாயாகச் செய்து துளையில் செருகினார். திருகாணி உள்ளே போகப் போக அது விரிந்து சுவரைப் பற்றிக்கொண்டது. இன்று கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் செருகி அதன் பேரப்பிள்ளை. துளையிடும்போது மின்விசைப் பொத்தானுக்கு நேர் மேலும் நேர் கீழும் தவிர்த்துவிடுங்கள், உள்ளே கம்பி ஓடும். தொட்டில் கொக்கியை மட்டும் கூரைத் தட்டியில் மாட்டவே மாட்டாதீர்கள். லயத்தில் உத்தரம் இருந்தது, தாங்கியது. அட்டைத் தட்டி தாங்காது.

தரை விஷயத்தில் நம் தாய்மார்களுக்குத் தெரிந்ததை உலகம் அண்மையில்தான் எண்ணிப் பார்த்தது. மெக்சிகோ நாட்டின் கோவாவிலா மாநிலம் 2000ஆம் ஆண்டில் ஏழைகளின் மண் தரைகளுக்குச் சிமெண்டு வழங்கத் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 50 சதுர மீட்டர் வரை. சிமெண்டு கிடைத்த நகரையும் எல்லைக்கு அப்பால் கிடைக்காத நகரையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2009ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். வீடு முழுவதும் மண் தரை சிமெண்டானால் சிறு பிள்ளைகளுக்குக் குடற்புழுத் தொல்லை 78 விழுக்காடும், இரத்தச் சோகை 81 விழுக்காடும் குறைகின்றன என்று கணக்கிட்டார்கள். பிள்ளைகளின் கற்கும் திறன் கூடியது, தாய்மார்களின் மனச்சோர்வு தணிந்தது என்றும் கண்டார்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இந்தக் கடைசிச் செய்தி மிகவும் பெரிது.

ஆனால் அங்கே தரை அந்தக் குடும்பத்துக்கே நின்றது. இங்கே? 1921ஆம் ஆண்டு தொடங்கிய பிராங் பெசார் தோட்டத்தின் நிலத்தில் 1995ஆம் ஆண்டு புத்ராஜெயா எழத் தொடங்கியது. அந்த ஆண்டுகளில் இன்னும் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறின. எங்கள் தோட்டமும் ஒன்று. வெளியேறும்போது வேலை செய்த ஆண்டுகளை எண்ணினார்கள். வீடு அவர்களுடையது, ஆகவே சமையற்கட்டை எண்ணவில்லை. தந்தையார் சிமெண்டு வாங்கிய சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். எழுத்தர் பார்த்துவிட்டு மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார்.

பின்பு தவணையில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினோம். சாவி கிடைத்த அன்று சாமிப் படம் வைத்து விளக்கேற்றியதும், தந்தையார் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துச் சென்று குளியலறைத் தரையில் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் மூலையில் தேங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால் வாளியும் கரணையும் வெளியே வந்தன. இந்த முறை சீட்டை அவர் டின்னில் போடவில்லை.