வின்செஸ்டர் 52

வின்செஸ்டர் 52 என்பது குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கென ஐக்கிய அமெரிக்காவில் தயாரிக்கப்பட்ட ஒரு ரைபிள் வகைத் துப்பாக்கி ஆகும். இது .22 அங்குலத் தோட்டாவைப் பயன்படுத்துகின்றது. வின்செஸ்டர் நிறுவனம் இதனை 1920 முதல் 1980 வரை உற்பத்தி செய்தது. ".22 துப்பாக்கிகளின் அரசன்" என்ற பட்டப்பெயரும் இதற்கு உண்டு.

வரலாறு

முதல் உலகப் போர் முடிவுற்றதும் வின்செஸ்டர் நிறுவனத்திற்குப் படைத்துறைக் கொள்முதல் குறைந்தது. எனவே அமைதிக்காலச் சந்தைக்கான துப்பாக்கி ஒன்று தேவைப்பட்டது. டி. சி. ஜான்சன், ஃபிராங்க் பர்ட்டன் ஆகியோர் இதனை வடிவமைத்தனர். இதன் முன்மாதிரிகள் 1919 ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தில் நடைபெற்ற தேசியப் போட்டிகளில் அறிமுகமாயின.

துல்லியத்தின் காரணங்கள்

விசையை இழுப்பதற்கும் ஊசி தோட்டாவைத் தாக்குவதற்கும் இடையே சிறு கால இடைவெளி உண்டு. அதற்குள் சுடுபவரின் கை சிறிது அசைந்தாலும் குறி தவறும். தொடக்ககால வின்செஸ்டர் 52 இல் ஊசி நகரும் தொலைவு அதிகமாக இருந்தது. 1920களின் இறுதியில் இத்தொலைவு குறைக்கப்பட்டதால் இடைவெளியும் குறைந்தது. தடித்த குழலும் தெரிவாக வழங்கப்பட்டது. இத்தகைய குழல் சுடும்போது குறைவாக அதிர்வதுடன், தன் எடையால் துப்பாக்கியை நிலையாக வைத்திருக்கவும் உதவுகின்றது.

வகைகள்

* 52பி - 1935 இல் வெளிவந்தது.
* 52சி - 1947 இல் வெளிவந்தது. சுடுபவர் சரிசெய்துகொள்ளக்கூடிய புதிய விசையமைப்பு கொண்டது.
* 52டி - 1961 இல் வெளிவந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவை மட்டுமே இடக்கூடியது.

உற்பத்தி நிறுத்தம்

நுணுக்கமான வேலைப்பாடே இத்துப்பாக்கியின் சிறப்பு. அதனால் உயர்ந்த உற்பத்திச் செலவே இதன் முடிவுக்கும் காரணமாயிற்று. 1970களுக்குள் உயர்நிலைப் போட்டிகளில் செருமனியின் அன்சூட்ஸ், வால்தர் துப்பாக்கிகள் இதன் இடத்தைப் பிடித்தன. இலாபம் தராத நிலையில் 1980 இல் உற்பத்தி நின்றது.

இன்றைய பயன்பாடு

.22 தோட்டாவின் குண்டு மென்மையான ஈயத்தால் ஆனது. அதன் வெடிமருந்தும் மிகக் குறைவு. ஆகவே பல்லாயிரம் முறை சுட்டாலும் குழல் அதிகம் தேய்வதில்லை. பழைய குழல்கள் கெடுவதற்குத் துருவும் தவறான முறையில் துப்புரவு செய்வதுமே பெரும்பாலும் காரணங்கள். நன்கு பேணப்பட்ட துப்பாக்கி, அதற்குப் பொருந்தும் தோட்டாக்களுடன் இன்றும் துல்லியமாகச் சுடக்கூடியது. சேகரிப்போர் மட்டுமன்றிப் போட்டியாளர் சிலரும் இதனை நாடுவது இதனாலேயே ஆகும்.